ஐந்தாவது பாட்டில் உடைந்த கண்ணாடிகள்

1

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், இவர், மகள் றொசாலி, மகளோடு வந்த டானியல், இவருடைய அக்கா றீற்றா மச்சாள். ஐந்து பேர். மச்சாளின் மனுசன் கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் கடையைப் பார்க்க ஆளில்லாமல் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக் குஜராத்திக்கார அம்மா கேக் துண்டை வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பிவிட்டா. பாட்டுப் போட முதலே போனபடியால் அவவைச் சேர்க்கவில்லை.

ஆட்களை இப்படிப் பேர் சொல்லி எழுதக் காரணம் இருக்கிறது. நான் எதையும் கூட்டிக் கதைக்கிறவள் என்று குடும்பத்தில் ஒரு பேர். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள். கவுன்சில் கடிதம் வந்தால் உடைக்க முதலே வயிற்றைப் பிடிக்கிறவள். அதனால் நான் கேட்டதை மற்ற நாலு பேரும் கேட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயில் ஆண்டு மலருக்கு லண்டன் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுத் தம்பி கேட்டவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், வேறு ஆளைப் பாரும் என்றேன். "ரெலிபோனில கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ அக்கா" என்றார். அவர் நினைத்தது பனி, நிலக்கீழ் ரயில், பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டுப் பட்டம் வாங்குவது. எனக்கு இப்போது எழுத வருவது ஒரே ஒரு விசயம். அது ஒரு பாட்டுத் தட்டு. இத்தாலிக்காரரின் ஜாஸ் பாட்டு. அந்த வகைப் பாட்டைக் கேட்டால் எனக்கு ஓங்காளம் வரும். உவமைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே வரும்.

2

எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்து வருசம் முடிந்த நாள் அது. காலையில் ஹரோவில் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்தோம். பங்குச் சுவாமியார் எங்கள் இரண்டு பேரையும் எழும்பி நிற்கச் சொல்லி ஆசீர்வாதம் தந்தார். நான் நின்ற நேரம் முழுக்க, வீட்டில் ஆட்டிறைச்சியை நேரத்தோடு வெளியில் எடுத்துவைத்தேனா என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடிய றொசாலி என்னைக் கதிரையில் இருத்தினாள்.

"கண்ணை மூடுங்கோ அம்மா. அப்பா, நீங்களும்."

"எனக்கு என்ன, நான் எப்பவும் மூடினபடிதானே" என்றார் இவர். சாப்பிட்டால் இவருக்குக் கண் தானாக மூடும்.

மடியில் சதுரமான ஒரு சாமான் வந்து விழுந்தது. திறந்து பார்த்தால் பாட்டுத் தட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பழையபடி கறுப்புத் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மட்டை எலுமிச்சம் பழ மஞ்சள். நடுவில் ஒரு நீலக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் குடிக்கிற கண்ணாடி ஒன்று, கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரின் முழங்கை மட்டும்.

அந்த நீலக் கதவை எனக்குத் தெரியும். அந்த முழங்கையையும் தெரியும்.

அதற்குள் றொசாலி ஒரு கவரையும் தந்தாள். இத்தாலியில் பலர்மோவுக்கு இரண்டு விமான ரிக்கற். "நீங்கள் வேலை செய்த அந்த பாரில உங்களுக்கு மேசை புக் பண்ணியிருக்கிறன். ஓனர் இப்பவும் இருக்கிறாராம்."

நான் இரண்டையும் மடியிலிருந்து எடுத்துக் கதிரைக் கையில் வைத்தேன்.

டானியலைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மன்னார் தாய் தகப்பனுக்கு ஹரோவில் பிறந்த பிள்ளை. கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பழைய பாட்டுத் தட்டு விற்கிற கடையில் நிற்கிறான். அதை நினைத்தாலே எனக்கு நித்திரை வராது. ஆனால் நல்ல பிள்ளை, கோப்பையைத் தானே கழுவி வைப்பான். அவன் தமிழில் சாப்பாட்டுப் பேர்களும் உறவுமுறையும் இருக்கும், மற்றதெல்லாம் இங்கிலிஷ், நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

"ஆன்ரி, இது சரியான ரெயர்" என்றான். "இத்தாலியன் ஜாஸ், பிரேசில் பொசா நோவா, லவுஞ்ச் எல்லாம் மிக்ஸ் பண்ணினது. பழைய அல்பம், ரீ-இஷ்யூ வந்து ரெண்டு நாளில முடிஞ்சுது. உங்களுக்காக ஒளிச்சு வச்சனான்."

"மிக்ஸரோ?" என்றா றீற்றா மச்சாள். "அப்ப கடலை எங்கை தம்பி?"

அவன் விளங்காமல் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போனேன்.

3

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். சொல்வது லேசில்லை, ஏனென்றால் அதில் பிடிக்க ஒன்றுமே இல்லை. மேளக்காரன் மேளத்தை அடிக்க மாட்டான், தும்புத்தடியால் விறாந்தை கூட்டுவது போலத் தடவிக்கொண்டிருப்பான். ஒருத்தன் கரண்டியால் கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டுவது போல ஒரு வாத்தியம் வாசிப்பான். ஒரு பெண் வந்து பா பா பா, தா தா தா என்பாள். சொல் கிடையாது. சொல் இருந்தாலும் காதுக்குள் ஊதுவது போல இருக்கும். அவள் அழவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள், சாமியைக் கூப்பிடவும் மாட்டாள். அடியில் கொம்பியூற்றர் ஒன்று டும் டும் என்று ஒரே அளவில் இடித்துக்கொண்டிருக்கும். சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஆறின தேத்தண்ணியில் ஆடை படிந்த மாதிரி.

அழுக்கு உடம்பில் சென்ற் பூசினால் ஒரு மணம் வருமே, எனக்கு அந்தப் பாட்டு அந்த மணம்தான். ஏதோ ஒன்றை மறைக்கத்தான் அதைப் போடுகிறார்கள். நான் லண்டனில் கவனித்துப் பார்த்துவிட்டேன். பல்லுப் பிடுங்குகிற இடத்தில் அது போகும், பல்லு ராவுகிற சத்தம் கேட்கக்கூடாது என்று. பெரிய ஹோட்டல்களின் வாசலில் போகும், பின்னால் துணி தோய்க்கிற மெஷின் கேட்கக்கூடாது என்று. பிறெக்சிற் வந்து, இத்தாலிப் பாஸ்போட்காரரான நாங்கள் எல்லாரும் திரும்ப வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்த காலத்தில், ஒரு அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்து முழு மத்தியானமும் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். விண்ணப்பத்துக்கு என் முகத்தைப் படம் பிடிக்க மாட்டேன் என்று போன் அடம்பிடித்தது, அதைச் சொல்லத்தான் எடுத்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல், பிறகு தும்புத்தடி. முக்கியம், பிறகு தும்புத்தடி. ஆள் வந்து கதைத்தபோது நான் குசினித் தொட்டியில் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் "ஆர் யூ ஓகே?" என்றாள். எனக்குப் பதற்றத்தில் இத்தாலிப் பாசைதான் வாயில் வந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்திலும் மூன்று மணித் தேத்தண்ணிக்கு அதைத்தான் போடுகிறார்கள். கிழவிகள் ஒருவரும் கேட்பதில்லை. யாரும் கேட்காமல் இருக்கத்தான் அது செய்யப்பட்டது.

4

நானும் இவரும் கலியாணம் செய்தது பலர்மோவில். இவர் முதலே அங்கே போய்விட்டார், நான் பின்னால் போனேன். அங்கே எங்கள் சனம் நிறைய. ஆண்களும் பெண்களும் வீட்டு வேலை, மாபிள் படி துடைக்கிற வேலை, வயோதிபரைப் பார்க்கிற வேலை. எனக்குக் கிடைத்தது கடற்கரைப் பக்கம் ஒரு பாரில் கண்ணாடி கழுவுகிற வேலை. மாதம் நானூற்றைம்பது யூரோ. வேலை தருகிறவர் கடிதம் தந்தால்தான் சொஜோர்னோ புதுப்பிக்கலாம். சொஜோர்னோ என்பது அந்த நாட்டில் இருக்க விடுகிற அட்டை. அது இல்லையென்றால் நாங்கள் இல்லை.

முதலாளியை நாங்கள் வெள்ளைச் சட்டை என்று சொல்வோம். வேறு நிறம் போட்டு நான் கண்டதில்லை. நல்ல மெதுவான குரல். ஒரு நாளும் ஏசியதில்லை. அந்த மெதுவான குரல் எனக்கு ஏச்சை விடப் பயம்.

பாருக்கும் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர். பின்னேரம் குடிக்க வருகிற சனத்துக்கு முன்னால் வாத்தியக்காரர் வாசிப்பார்கள். பாட்டு மெதுவாகிற இடத்தில் எங்கள் கண்ணாடிச் சத்தம் கேட்கிறது என்று ஆட்கள் முறையிட்டார்கள். வெள்ளைச் சட்டை என்ன செய்தார் என்றால், எங்கள் தொட்டிக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப் பூட்டினார். சுவிச் அவருடைய மேசைக்குக் கீழே. பல்ப் எரிந்தால் கையைத் தண்ணியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கண்ணாடியைத் தொடக்கூடாது, தண்ணிக் குழாயைத் திறக்கக்கூடாது, கதைக்கக்கூடாது. பல்ப் அணைந்தால் இரண்டு மடங்கு வேகமாகக் கழுவ வேண்டும், ஏனென்றால் அதற்குள் தட்டுகள் குவிந்துவிடும். பாட்டு என்பது எனக்கு இப்படித்தான் அறிமுகம். இனிமையான இடம் வந்தால் அசையாமல் நில்.

இவர் வேலை முடிந்து வந்து, எதிரில் இருந்த மருந்துக் கடைச் சுவரில் சாய்ந்து எனக்காகக் காத்து நிற்பார். ஆக, நான் உள்ளேயிருந்து கேட்டேன், அவர் வெளியிலிருந்து கேட்டார். இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது.

5

எனக்கு றொசாலி வயிற்றில் மூன்று மாதம். அங்கே எலுமிச்சந் தோல் மணம், ஒலிவ் ஊறின தண்ணி மணம், சிகரட் மணம். மூன்றும் சேர்ந்தால் சத்தி வரும். ஆனால் பிள்ளைத்தாச்சி என்று சொன்னால் நிற்பாட்டிவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை.

ஒரு நாள் பின்னேரம் வடக்கிலிருந்து பேர் போன வாத்தியக்காரரைக் கூப்பிட்டு, அந்த பாரிலேயே பாட்டைப் பதிவு செய்து அல்பமாக விடப் போகிறோம் என்று பெரிய ஏற்பாடு. மைக்குகள், வயர்கள். "இண்டைக்கு ஒரு சத்தமும் வரக்கூடாது" என்று வெள்ளைச் சட்டை எங்களிடம் இரண்டு தரம் வந்து மெதுவாகச் சொன்னார்.

ஐந்தாவது பாட்டு. நான் கழுவின கண்ணாடிகள் பன்னிரண்டைத் தட்டில் அடுக்கித் தூக்கிவிட்டேன். அந்த நிமிசம் பல்ப் எரிந்தது. தட்டைக் கீழே வைத்தால் கண்ணாடி கிலுங்கும். வைக்க ஏலாது. பிடித்துக்கொண்டு நின்றேன். பியானோ மட்டும் தனியப் போகிறது. போகிறது. முடிகிறதில்லை. தட்டு கனக்கிறது. என்னோடு வேலை செய்த எரித்திரியாப் பிள்ளை என்னைப் பார்க்கிறாள், அவளாலும் வர ஏலாது, நடந்தால் சப்பாத்துச் சத்தம். எலுமிச்சை மணம் மூக்கில் ஏறிவிட்டது. ஓங்காளம் வந்தது. ஒரு கை தானாக வாய்க்குப் போனது.

மற்றதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் முடிய வெள்ளைச் சட்டை உள்ளே வந்தார். விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். கண்ணாடி ஒன்று நாலு யூரோ, பன்னிரண்டு, நாற்பத்தெட்டு. பதிவு முழுக்கப் பழுதாகிவிட்டது. வாத்தியக்காரரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், மெஷின்காரருக்குத் திரும்பக் காசு. எல்லாமாக ஆயிரத்தைந்நூறு. "நான் உனக்குக் கடிதம் தாற ஆள்" என்றார். "நீயும் எனக்கு நேர்மையா இருக்க வேணும்."

இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை. பிறகு மூன்று மாதம் நூறு நூறாகப் பிடித்தார். வயிற்றில் எட்டாம் மாதம், நான் வேலையிலிருந்து நின்றபோது, இன்னும் முன்னூறு மிச்சம் என்று சொல்லிவிட்டார். கடிதம் தந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த முன்னூறை நான் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் பால்மா, வீட்டு வாடகை. கொடுக்க ஏலாமல் போய், பிறகு கொடுக்கப் போகவே பயமாகிவிட்டது. பலர்மோவில் இன்னும் பத்து வருசம் இருந்தோம், நான் அந்தத் தெருவால் போனதில்லை. சந்தைக்கு மற்றப் பக்கத்தால் சுற்றித்தான் போவேன். இத்தாலிப் பாஸ்போட் கிடைத்து லண்டன் வந்த பிறகும் அது போகவில்லை. ஒவ்வொரு தரமும் விமான நிலையத்தில் பாஸ்போட்டை அந்தக் கண்ணாடிக்கு மேல் வைக்கும்போது, திரையில் முன்னூறு என்று வரப்போகிறது என்று நெஞ்சு இடிக்கும். இவர் சிரிப்பார். "அவன் உம்மை மறந்தே போயிருப்பான்" என்பார்.

என் தங்கச்சி இன்னும் அங்கேதான். அந்த நீலக் கதவிலிருந்து இரண்டு தெரு. அவளுடைய மூத்தவனின் முதல் நன்மைப் பூசைக்கு நான் போகவில்லை. முழங்கால் நோ என்றேன். அவள் ஒப்பிரேசன் செய்து படுத்தபோதும் போகவில்லை. அதற்கு என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. "அக்கா, நீ லண்டன்காரியாப் போனாய்" என்று அவள் போன பெருநாளுக்குச் சொன்னாள். நல்லாச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

6

தேத்தண்ணியோடு நான் முன்னறைக்கு வந்தபோது டானியல் தன் பெட்டியைத் திறந்து தட்டுச் சுற்றுகிற மெஷினைப் பூட்டிவிட்டான்.

"அஞ்சாவது பாட்டுப் போடு" என்றாள் றொசாலி. "அம்மா, நீங்கள் இதிலை இருங்கோ. பேசாமல் கேளுங்கோ."

தும்புத்தடி தொடங்கியது. எனக்கு நாக்குக்குக் கீழே தண்ணி ஊறியது. இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் தாளம் போடுகிறது.

"இஞ்சரும்" என்றார் என்னைப் பார்த்து. "இதெல்லோ நான் முணுமுணுக்கிறது."

உண்மைதான். கராஜில் சைக்கிள் பூட்டும்போது, புல்லு வெட்டும்போது, இருபத்திரண்டு வருசமாக இவர் வாய்க்குள் ஒரு ராகம் போகும். எந்தப் பாட்டு என்று கேட்டால் தெரியாது என்பார். மருந்துக் கடைச் சுவரில் சாய்ந்து நின்று கேட்ட பாட்டு. அது இவருக்கு இனிப்பு. எனக்கு அந்த நேரம் இவர் மேலும் ஒரு அருவருப்பு வந்தது, மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை.

மேளம் நின்றது. பியானோ தனியப் போனது. என் தலைக்குள் பல்ப் எரிந்தது. கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை நான் கீழே வைக்கவில்லை, பிடித்தபடி நின்றேன்.

பிறகு அந்தச் சத்தம். கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு நீளச் சத்தம். அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு பெண் குரல்: ஐயோ, மாதாவே.

அது என் குரல்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பார் முழுக்கச் சிரித்தது. பியானோக்காரன் மேலிருந்து கீழே விரலை இழுத்துக் கண்ணாடி விழுகிற மாதிரியே வாசித்துக் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். மேளம் திரும்பச் சேர்ந்தது, பாட்டு முதலை விடக் குசியாகப் போனது.

"அம்மா, அது நீங்கள்தானே?" றொசாலியின் கண் நிறைந்துவிட்டது. "டானி இதைப் போட்டவன். அவன் அது பிரேசில் பாசை எண்டு நினைச்சவன். நான்தான் சொன்னன், நோ, அது என்ர அம்மா பயந்தா சொல்லுறது எண்டு. அம்மா, நீங்கள் றெக்கோட்டில இருக்கிறீங்கள்."

"அதுதான் ஆன்ரி இந்த அல்பத்தின்ர பெஸ்ற் மொமென்ற்" என்றான் டானியல். "எல்லாருக்கும் தெரியும். வேற ஆர்ட்டிஸ்ற் எல்லாம் அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தங்கட பாட்டில போட்டிருக்கினம்."

நான் தட்டை றீற்றா மச்சாளின் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். பூசையில் கிடைத்த ஆசீர்வாதம் தவிர அன்றைக்கு உள்ளே போன எல்லாம் வெளியில் வந்தது.

7

முகம் கழுவிக்கொண்டு வந்து நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, இதை எப்ப முதல் விட்டவங்கள்?"

அவன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். றொசாலி பிறக்க முதல். சீடியாக.

எனக்கு எல்லாம் ஒழுங்காக வந்து அடுக்கியது. அந்த பாரின் மேசைக்குக் கீழே மஞ்சள் நிறச் சீடிப் பெட்டிகள் வந்து இறங்கின. நான்தான் தூசி துடைத்து அடுக்கினேன். திரும்பப் பதிவு செய்து விட்டிருக்கிறார்கள், என் காசில், என்று நினைத்துக்கொண்டு கவனமாக அடுக்கினேன். ஒன்றும் பழுதாகவில்லை. திரும்ப ஒருவரையும் கூப்பிடவில்லை. என்னைச் சிரித்த சிரிப்போடு சேர்த்து அப்படியே விற்றிருக்கிறார். ஒரு கையால் அந்தப் பெட்டியை விற்றுக்கொண்டு மற்றக் கையால் என் நூறை எடுத்திருக்கிறார். மெதுவான குரலில் நேர்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு.

நான் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். றொசாலிக்கு இந்தக் கதை தெரியாது. பிள்ளைக்குப் பயம் காட்டக்கூடாது என்று நாங்கள் சொன்னதில்லை.

"முன்னூறு யூரோவோ?" என்றாள் அவள். "முன்னூறுக்காகவோ சித்தி வீட்டை போகாமல் இருந்தனீங்கள்? அம்மா, என்ர சப்பாத்தே—" அவ்வளவில் நிறுத்திவிட்டாள். நிறுத்தினாளே, அது போதும்.

"சப்பாத்து விலையைச் சொல்லிப் போட்டு நிப்பாட்டு" என்றா மச்சாள். "கொம்மா அந்தக் காசுக்கு வயித்தில உன்னை வச்சுக்கொண்டு நிண்டவள்." பிறகு தம்பியாரிடம் திரும்பினா. "நீ என்னடா செய்தனீ? வெளியில நிண்டு பாட்டுக் கேட்டனீயோ?"

"ஓம்" என்றார் இவர். எழும்பிப் போய், சுற்றிக்கொண்டிருந்த தட்டைக் கையாலேயே அமத்தி நிற்பாட்டினார். கர்ர் என்றது. டானியலுக்கு நெஞ்சு வெடித்திருக்கும், அந்தத் தட்டின் விலைக்கு. ஆனால் அவன் மெதுவாக ஊசியைத் தூக்கி வைத்தான்.

பிறகு அவன் சொன்னான்: "ஆன்ரி, உங்கட குரலுக்கு றோயல்ற்றிக் காசு கேக்கலாம். லோயர் பிடிக்கலாம்."

"நான் வீடியோ எடுத்துப் போடுறன்" என்றாள் றொசாலி. "இத்தாலியன்ல பேசிப் போடுறன். அந்தாளின்ர பார் மூடுப்படும்."

நான் இரண்டும் வேண்டாம் என்றேன். என் ஐயோவைத் துண்டு துண்டாக வெட்டி யார் யாரோ தங்கள் பாட்டில் தைத்துவைத்திருக்கிறார்கள். இனி என் முகத்தையும் கொண்டுபோய்ப் போட்டால், சனம் அதையும் பார்த்து, ரசித்து, குடித்துக்கொண்டு இருக்கும். இந்தச் சனத்துக்கு எதுவும் பின்னணிதான்.

"அப்ப விடுங்கோ. நாங்கள் போக வேண்டாம்" என்றாள் அவள். போனை எடுத்து ரிக்கற்றை ரத்துச் செய்யப் பார்த்தாள். "சொறி அம்மா. நான் நல்லது எண்டு நினைச்சன்."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பத்து வயதில் லண்டனுக்கு எடுத்துக்கொண்டு வந்த பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருசம் இழுத்துக்கொண்டு போனேன், பிறகு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு அழகு என்றால் பலர்மோதான், கடற்கரைதான், அந்தத் தும்புத்தடிதான். அதில் என் குரல் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தவளை நான் என்னவென்று ஏச.

"ஆர் சொன்னது போக வேண்டாம் எண்டு?" என்றேன். "ரிக்கற்றை அப்பிடியே விடு. மேசையையும் விடு. நாங்கள் போறம்."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு அந்தக் கதவுக்குள்ளை போக ஏலுமோ?"

"சத்தி எடுத்தால் எடுப்பன். அவர் துடைக்கட்டும்."

8

அன்றிரவே தங்கச்சிக்குச் சொன்னேன், வாறன் என்று. அவள் நம்பவில்லை. "முழங்கால் எப்பிடி?" என்றாள். சுகம் என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு வழமையான பயங்கள் எல்லாம் வந்துவிட்டன. வெள்ளைச் சட்டைக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும், மறந்துவிட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது. ஏதாவது போத்தலைத் திறந்து வைத்து, பழைய ஆள் வந்திருக்கிறா என்று கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தால் என்ன செய்வது. அதுதான் எனக்குப் பெரிய பயம். அந்த மெதுவான குரலில், உன்னால்தான் அந்த அல்பம் பேர் வாங்கினது என்று சொல்லிச் சிரித்தால், எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். இருபத்திரண்டு வருசமாக நான் சிரித்துத்தான் பழக்கம்.

அதனால் சொல்ல வேண்டியதை இத்தாலிப் பாசையில் றொசாலியிடம் சொல்லித் திருத்தி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வசனம். தயவுசெய்து என்று முன்னால் போட்டிருந்தேன். அவள் அதை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். இப்போது அவளும் நானும் பின்னேரங்களில் குசினியில் நின்று அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவள் வெள்ளைச் சட்டையாக நிற்பாள். "ஞாபகமில்லை சின்யோறா" என்பாள். நான் திரும்பவும் அதே வசனத்தைச் சொல்வேன். இவ்வளவு காலத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்து கதைத்தது இதுதான்.

போன கிழமை வேலையில், நான் கண்ணாடி கழுவிக்கொண்டு நிற்க, மூன்று மணிக்கு அந்தப் பாட்டுத் தொடங்கியது. மெதுவான இடம் வந்தது. என் கை தானாகத் தண்ணிக்கு மேலே போய்விட்டது. இத்தனை வருசமும் அது அப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பல்ப் இல்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கையைத் திரும்பத் தண்ணிக்குள் விட்டேன். குழாயை முழுக்கத் திறந்தேன். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வைக்கிற சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்கும்படி வைத்தேன். சுப்பர்வைசர் பிள்ளை எட்டிப் பார்த்தாள். "எவ்ரிதிங் ஓல்றைட்?" ஓம் என்றேன், தமிழிலேயே.

றீற்றா மச்சாள் வட்டி போடச் சொல்கிறா. ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருக்கிறவ, வட்டிக் கணக்குப் பார்க்க அவவுக்குத் தெரியும். டானியல் றோயல்ற்றியை இன்னும் விடவில்லை. எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்தப் பாட்டில் எனக்குப் பங்கு வேண்டாம். என் சம்பளம் மட்டும் வேணும். இரண்டு மாதம் தராமல் விட்டது தொள்ளாயிரம், நூறு நூறாகப் பிடித்தது முன்னூறு. கண்ணாடி என் கையால்தான் உடைந்தது, நாற்பத்தெட்டை அவர் சொன்ன விலைக்கே கழித்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை எனக்கு இன்னும் தரவேண்டியது ஆயிரத்து நூற்றைம்பத்திரண்டு யூரோ.